கித்துல்கலவில் ராப்டிங்: நீந்தத் தெரியாத ஒருத்தியின் மதிப்பீடு

எனக்கு 44 வயது. நோர்வூட் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நீந்தத் தெரியாது. படிக்கிற காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில்கூட ஓடியதில்லை. கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை கித்துல்கலவுக்குப் போய், களனி கங்கையில் ராப்டிங் செய்துவிட்டு வந்தேன். காற்றடித்த ரப்பர் படகில் உட்கார்ந்து, துடுப்புப் போட்டு, பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீரில் இறங்கிப் போகும் விளையாட்டு அது. மகள், தங்கச்சி, தங்கச்சியின் கணவர், என்னோடு படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மார், நான் என்று ஆறு பேர். ஆளுக்கு 5,000 ரூபாய், பகல் சாப்பாடும் சேர்த்து.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆனால் முகாமின் பெயரைப் போடவில்லை. ஒரே வீதியில் இப்படி நிறைய இடங்கள் இருக்கின்றன. வழிகாட்டிகள் இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம் என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பலகையைப் பார்த்துப் பயனில்லை, ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதைப் பார்த்து நான் முடிவெடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தது அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதில் இறங்கியதில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது எங்கள் லயத்துப் பையன் ஒருவன் ஆற்றோடு போனான். அதற்குப் பிறகு "தண்ணிப் பக்கம் போகாதே" என்பது தினமும் காதில் விழும் பேச்சாகிவிட்டது. அந்தப் பக்கம் வளர்ந்த பலருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது. மஸ்கெலியாவில் பழைய டவுனே மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் வெளியே தெரியும், ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். இப்படித் தண்ணீரைத் தூரத்தில் நின்று பார்த்தே பழகியவர்கள் நாங்கள்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு, அப்புறம் நோர்டனிலிருந்து பழைய லக்ஷபானவுக்கு, அங்கிருந்து பொல்பிட்டியவுக்கு என்று இறங்கி இறங்கி மின்சாரம் கொடுத்துவிட்டு கித்துல்கலப் பக்கம் வந்து சேர்கிறது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். அதே தண்ணீரில் ஒருநாள் இறங்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகள் கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ்ஸில் ஏறினால் வட்டவளை, கினிகத்தேனை தாண்டி, வளைவு வளைவாக இறங்கி, குளிர் விட்டு வியர்க்கத் தொடங்கும் இடத்தில் கித்துல்கல. காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

நாங்கள் முதலில் போனது வேறு ஓரிடம். அங்கே ஒரு பையன் லைஃப் ஜாக்கெட்டுகளைக் குவியலாகக் கொண்டுவந்து போட்டு "எடுத்துப் போடுங்க" என்றான். தங்கச்சிக்குக் கிடைத்த ஜாக்கெட்டில் நடுக் கொக்கி உடைந்திருந்தது. காட்டினேன். "மற்ற ரெண்டும் இருக்குத்தானே" என்றான். எங்களுக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னதற்கு "அது பிரச்சினை இல்ல" என்று சிரித்தான். அவ்வளவுதான், கட்டிய முற்பணம் 2,000 ரூபாயை விட்டுவிட்டு வெளியே வந்தோம். தங்கச்சியின் கணவருக்குக் கோபம். எனக்கு இன்றுவரை அந்தக் காசைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டாவது இடத்தில் தலைமை வழிகாட்டி கித்துல்கலக்காரர், சிங்களவர், ஐம்பதை நெருங்கும் வயது. வந்தவுடன் அவர் கேட்ட கேள்வி, யாருக்கு நீந்தத் தெரியாது என்பதுதான். ஐந்து பேர் கையைத் தூக்கினோம். அவர் முகம் மாறவில்லை. எங்களை ஒவ்வொருவராக நிற்க வைத்து, ஜாக்கெட்டின் கொக்கிகளைத் தானே மாட்டி, பட்டிகளை இழுத்து இறுக்கினார். பிறகு இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். என்னுடையது காதுவரை ஏறிவிட்டது. "டீச்சர், இது தண்ணியில கழண்டு போகும்" என்று சொல்லி வேறொன்று கொண்டுவந்தார். ஹெல்மட்டை ஆட்டிப் பார்த்தார். ஆறு பேருக்கும் இதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் போனது.

அவருடைய தமிழ் அதற்கு மேல் ஓடவில்லை. விளக்கத்தைச் சிங்களத்தில் தொடங்கினார். எனக்குச் சிங்களம் விளங்கும், மற்ற டீச்சர்மாரில் ஒருவருக்கு அவ்வளவாக விளங்காது. கடைக்குப் போய்ப் பேசுகிற அளவு மொழி, படகில் கத்துகிற கட்டளைக்குப் போதாது. தமிழில் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் உடனே ஒரு தம்பியைக் கூப்பிட்டார். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம், பாதுகாப்புக்குக் கயாக் என்ற சிறு படகில் கூட வருபவர். அந்தத் தம்பி முழுவதையும் தமிழில் சொன்னார். முன்னுக்கு, பின்னுக்கு, நிறுத்து, குனிந்து பிடி. நான்கு கட்டளைகள். கரையில் படகைப் போட்டு, அதில் உட்கார வைத்து, பத்துத் தடவையாவது செய்ய வைத்தார்கள். படகில் தமிழில்தான் கத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பெரியவர் அந்த நான்கு சொற்களையும் அங்கேயே எங்களோடு சேர்ந்து சொல்லிப் பழகினார். அந்த இடத்தில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

விழுந்தால் என்ன செய்வது என்ற பாடம் தனி. மல்லாந்து படுக்க வேண்டும். கால் இரண்டும் தண்ணீர் போகிற திசையில், விரல்கள் வெளியே தெரிய. கால் முன்னால் இருந்தால் பாறை வரும்போது உதைத்து விலகலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஓடுகிற தண்ணீரில் எழும்பி நிற்கக் கூடாது, இடுப்பளவு தண்ணீராக இருந்தாலும். கால் பாறை இடுக்கில் மாட்டினால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னுக்குச் சாய்த்து அமுக்கிவிடும், எழும்ப முடியாது. இதைக் கேட்டபோது எனக்கு அந்த லயத்துப் பையனின் ஞாபகம் வந்தது. ஆழமில்லாத இடம் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். பையில் போட்ட கயிற்றை வீசினால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதையும் இரண்டு தடவை கேட்டுத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். நான் வகுப்பில் செய்வதைத்தான் அவர்கள் கரையில் செய்தார்கள், என்னைவிடப் பொறுமையாக.

வேகமாக இறங்கும் இடங்களை அங்கே எல்லோரும் ரெப்பிட் என்கிறார்கள், நான் பாய்ச்சல் என்று எழுதுகிறேன். பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். கித்துல்கலவில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப் போவது பெரும்பாலும் 2, 3. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு பெயர், 'பட்டர் க்ரன்ச்', 'ஹெட் சொப்பர்' என்று. பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. தண்ணீரின் அளவைத்தான் கேட்க வேண்டும். அது மழையால் மட்டும் மாறுவதில்லை, மேலே மின்நிலையங்கள் எப்போது தண்ணீர் விடுகின்றன என்பதாலும் மாறும். காலையில் பாறை தெரிந்த இடம் பகலில் மூடியிருக்கலாம். எங்கள் வழிகாட்டி இறங்குவதற்கு முன் கரையில் ஒரு பாறையைக் காட்டி, அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போகலாம் என்றார்.

முதல் பாய்ச்சலில் என்ன நடந்தது என்றே தெரியாது. முகத்தில் தண்ணீர், காதில் இரைச்சல், "முன்னுக்கு! முன்னுக்கு!" என்ற சத்தம். துடுப்பு போட்டேனா என்றுகூட நிச்சயமில்லை. அதைத் தாண்டியவுடன் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் படகைத் திருப்பி நிறுத்தினார். ஆறு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் அசையாமல், கொஞ்சம் மேல்நோக்கிக்கூடச் சுழன்று நிற்கிறது. பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி வந்து நிரப்பும் இடம் அது. அங்கிருந்து அடுத்த பாய்ச்சலைக் காட்டினார். வழுவழுப்பான தண்ணீர் நாக்கு மாதிரிக் கீழ்நோக்கிக் குறுகிப் போனால் அது படகு போகும் வழி. அந்த நாக்கின் கூர் எங்களைப் பார்த்து இருந்தால் அங்கே தண்ணீருக்குள் பாறை இருக்கிறது. இருபது வருடமாகப் பாய்மங்களைப் பற்றிப் படிப்பிக்கிறேன், எங்கள் புத்தகத்தில் இப்படி ஒரு படம் இருந்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான் அந்த நாக்கைத் தேடினேன். தேடத் தொடங்கியதும் பயப்பட நேரம் இருக்கவில்லை.

நான்காவதிலோ ஐந்தாவதிலோ விழுந்தேன். படகு பாறையில் இடித்து ஒரு பக்கம் தூக்கியது, துடுப்பு தண்ணீரைத் தொடாமல் காற்றில் வீசியது, நான் வெளியே. மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். மேலே வந்தவுடன் காதில் விழுந்தது அந்தத் தம்பியின் குரல்தான்: "மல்லாக்கப் படுங்க டீச்சர், கால் முன்னுக்கு!" படுத்தேன். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் எனக்கு ஏறியிருக்காது, இதை நிச்சயமாகச் சொல்கிறேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், படகு பக்கத்தில் வந்தது. பெரியவர் இரண்டு தோள்பட்டியையும் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டார். காலையில் ஜாக்கெட்டை ஏன் அப்படித் தூக்கித் தூக்கிப் பார்த்தார் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

மகள் அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கை நடுங்கியது, ஆனால் துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கடைசிப் பகுதியில் ஆறு அகன்று அமைதியாகிவிடும். அங்கே விரும்பியவர்கள் இறங்கி மிதக்கலாம் என்றார்கள். நான் முதலாவதாக இறங்கினேன். ஜாக்கெட் தாங்க, மல்லாந்து, இரண்டு பக்கமும் காடு, மேலே ஒரு துண்டு வானம். தண்ணீர் தானாகவே கொண்டு போனது. காசல்ரீயில் நான் தினமும் பார்க்கிற தண்ணீர்தான். பத்து நிமிடம் இருக்கும். அந்த 5,000 ரூபாயை நான் இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

பாறையிலிருந்து கீழே மடுவில் குதிக்கும் இடமும் ஒன்று உண்டு. மகளும் தங்கச்சியின் கணவரும் குதித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒருவரும் கைதட்டிக் கத்தி வற்புறுத்தவில்லை. வழிகாட்டி "சரி டீச்சர்" என்று சொல்லி, இறங்கும் பாதையைக் காட்டினார். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற இடமா என்பதையும் போவதற்கு முன் விசாரியுங்கள். வயது வந்த பிறகு ஒன்றைப் புதிதாகப் பழகுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தானே சொல்ல முடிய வேண்டும்.

குறைத்த ஒரு புள்ளிக்குக் காரணம் இருக்கிறது. பெண்கள் உடை மாற்றும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை, ஒருவர் மாற்ற மற்றவர் வெளியே நின்றோம். படங்களுக்குத் தனியாக 3,000 ரூபாய் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள். இரண்டையும்விட எனக்குப் பெரிய குறை, கையெழுத்துப் போடும் படிவம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும்தான் இருந்தது. இருதய நோய் இருக்கிறதா, அண்மையில் சத்திர சிகிச்சை செய்தீர்களா என்று கேட்கிற படிவம் அது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிறவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? உரிமையாளரிடம் சொன்னேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. எழுதித் தந்தால் அச்சடித்து வைக்கிறேன் என்றார்.

போகிறவர்களுக்கு இரண்டொரு விடயம். சுரிதார் வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். ஒட்டிய காற்சட்டையும் நீளக்கை டீ-சேர்ட்டும் போதும். செருப்பு உதவாது, குதிகாலில் பட்டி உள்ளது வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கயிறு கட்டுங்கள். சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும் நன்றாக இருந்தன, திரும்பி வரும்போது வீதியோரத்தில் கித்துள் பாணி வாங்கலாம். மறுநாள் தோள் இரண்டும் பிடித்துக்கொண்டது, மூன்று நாளைக்குக் கரும்பலகையின் மேல்வரியில் எழுதியிருந்தால் கஷ்டப்பட்டிருப்பேன், விடுமுறை என்பதால் தப்பியது.

அம்மாவுக்கு வயது 73. சொல்லாமல்தான் போயிருந்தோம். இரவு மகள் படங்களைக் காட்டிவிட்டாள். திட்டுவார் என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்தையும் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ரொம்பக் குளிரா?" என்று கேட்டார்.

"நம்ம பக்கம் மாதிரி இல்லம்மா, கீழ போகப் போகச் சூடாயிருது" என்றேன்.

டிசம்பர் விடுமுறையில் திரும்பப் போகிறோம். படிவத்தில் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன், மூன்றாவது பக்கம் இருக்கிறது.