யாரை நம்பி மேற்கோள் போடுவது? நகைச்சுவைத் தொடர்களும் நமக்குக் கிடைக்கும் சான்றுகளும்

விக்கிப்பீடியாவில் அரசர்களைப் பற்றியோ நோய்களைப் பற்றியோ எழுதுகிறவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது ஒரு புத்தகம் இருக்கும். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்கப்பூர்த் தமிழ்த் தொடர் என்றால் நிலைமை இன்னும் மோசம். பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம், எழுதி வைத்தவர்கள் சொற்பம். ஆகவே தொடரின் அத்தியாயம், பழைய நாளிதழ், கலைஞர் பேட்டி, ஒளிபரப்பு நிறுவனத்தின் அறிக்கை, ரசிகர்களின் தரவுத்தளம் என்று கிடைக்கிற சிலவற்றை வைத்துத்தான் கட்டுரையைக் கட்ட வேண்டியிருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயருக்குத் திரை, தேதிக்கு நாளிதழ், காரணத்துக்குப் பேட்டி. தரவுத்தளத்தை நான் எதற்கும் மேற்கோளாகப் போடுவதில்லை.

முதலில் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். கதைச்சுருக்கத்துக்கு வேறு சான்று தேவையில்லை, அத்தியாயமே தனக்குச் சான்று என்று விக்கிப்பீடியாவே அனுமதிக்கிறது. திரையில் தெரிவதை விளக்கவுரை சேர்க்காமல் சொன்னால் போதும். நடிகர், எழுத்தாளர், இயக்குநர் பெயர்களுக்கும் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலை விஞ்சிய சான்று கிடையாது. ஆங்கில எழுத்துகளில் வந்த பெயரைத் தமிழாக்கும்போது ரகரமா றகரமா, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தடுமாறுகிறவர்களுக்கு, தமிழில் ஓடும் பட்டியல் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் "மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது" என்ற வரியை எந்த அத்தியாயத்திலிருந்தும் எடுக்க முடியாது. பின்னணியில் ஒலிக்கும் சிரிப்பொலி வரவேற்புக்குச் சான்றாகாது.

நகைச்சுவைக்கே உரிய இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. பாத்திரம் அடிக்கிற பீலா தகவலாக மாறிவிடும். 1997 முதல் 2007 வரை சிங்கப்பூரின் ஆங்கில ஒளிவழியான ஐந்தாம் ஒளிவழியில் ஓடிய 'புவா சூ காங் பிரைவேட் லிமிடெட்' தொடரின் நாயகன் ஒரு வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தக்காரர். சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் தனக்கு நிகரில்லை, பாத்தாமிலும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது அவருடைய ஓயாத பெருமை. ஆர்வக்கோளாறான ஒரு தொகுப்பாளர் இதை "மூன்று நகரங்களில் இயங்கும் நிறுவனத்தின் கதை" என்று சுருக்கிவிட அதிக நேரமாகாது. திரையில் நடந்ததையும் திரையில் சொல்லப்பட்டதையும் பிரித்து எழுதத் தெரியாதவர் நகைச்சுவைத் தொடர்ப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

அத்தியாயம் கைவிரிக்கும் இடம் தேதி. யூடியூபில் இருப்பது பதிவேற்றிய நாள். மறுஒளிபரப்பிலிருந்து எடுத்த பிரதியாக இருந்தால் மூலையில் தெரியும் ஒளிவழிச் சின்னமும் பிற்காலத்தது. ஒரே அத்தியாயம் இரண்டு மூன்று துண்டுகளாக ஏற்றப்பட்டிருக்க, துண்டுகளை எண்ணி அத்தியாய எண்ணிக்கை போட்டவர்களும் உண்டு.

தேதிக்கு நாளிதழ்தான் கதி. 1935இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழ் தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. சில காலப்பகுதிகளின் பக்கங்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும் என்பதால், விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு ஒரு நடை போக நேரலாம். அந்தக் காலத்துத் தமிழ் அச்சில் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது ஆங்கிலத்தில் தேடுவதுபோல் சுலபமில்லை. ஆகவே தேடல் பெட்டியை மறந்துவிட்டு, வாரத்தின் அதே கிழமைக்குரிய இதழ்களை வரிசையாகப் புரட்டி நிகழ்ச்சிப் பட்டியலைக் கண்ணால் படிப்பதே நடக்கிற காரியம். பொடி எழுத்து, மங்கிய மை, ஒரு ஓரத்துக் கட்டம். ஆனால் அந்தக் கட்டத்தில் நாள், மணி, ஒளிவழி மூன்றும் சேர்ந்து கிடைக்கும். தொடரின் பெயர் முதன்முதலாகத் தலைகாட்டும் வாரத்தையும், அது காணாமல் போகும் வாரத்தையும் குறித்துக்கொண்டால் கட்டுரையின் முதுகெலும்பு தயார்.

குறையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிப் பட்டியல் முந்தைய நாளே அச்சாகிவிடுகிறது. ஒளிபரப்பாகப் போவதைத்தான் அது சொல்லும். கடைசி நேரத்தில் சிறப்பு நிகழ்ச்சி ஒன்று இடத்தைப் பிடித்துக்கொண்டதா என்று மறுநாள் இதழையும் அடுத்த வாரப் பட்டியலையும் பார்த்துக்கொள்வது உத்தமம். அத்தியாயத் தலைப்பு அதில் இருப்பதும் அரிது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளின் விவரங்கள் கிடைக்கின்றன. அதையும் உடன் வைத்து ஒப்பிட்டால் பிடி இறுகும். ஆனால் அங்கே குறித்திருப்பது ஒளிபரப்பான தேதியா, பதிவான தேதியா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள வேண்டும்.

நாளிதழை நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கக் காரணம் ஒளிவழிப் பெயர்கள். 1980களின் தமிழ்த் தொடரைப் பற்றிய குறிப்பில் "வசந்தம் ஒளிவழியில் மீடியாகார்ப் தயாரித்தது" என்று எழுதினால் ஒரே வரியில் இரண்டு பிழைகள். இன்றைய ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் அப்போது இல்லை, 1980 முதல் 1994 வரை இங்கே இருந்தது சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம். தமிழ் நிகழ்ச்சிகள் அப்போது எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளோடு இடம் பகிர்ந்துகொண்டன. 1995இல் பிரைம் 12, 2000இல் வசந்தம் சென்ட்ரல் என்று இடம் மாறி, 2008 அக்டோபர் 19 அன்றுதான் வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. இன்றைய நினைவிலிருந்து எழுதுகிறவர் எல்லாவற்றையும் வசந்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். அன்றைய நாளிதழுக்கு வருங்காலம் தெரியாது, அதனால் அதற்கு இந்தப் பிழை வராது.

பேட்டிக்கு வருவோம். ஒரு தொடர் ஏன் நின்றது, ஒரு பாத்திரம் எப்படிப் பிறந்தது, படப்பிடிப்பு எங்கே நடந்தது என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர் வாயால் வந்தால்தான் உண்டு. ஆனால் இருபது ஆண்டு கழித்துக் கேட்டால் இரண்டு பருவம் மூன்றாகும், வியாழன் வெள்ளியாகும். போதாததற்குப் பேசுகிறவர் நகைச்சுவைக் கலைஞர். அவையைச் சிரிக்க வைக்கச் சொன்ன கதைக்கும் நடந்த கதைக்கும் இடையில் அவரே கோடு கிழித்துக்கொள்ளாதபோது நாம் எங்கே கிழிப்பது? "என்று அவர் ஒரு பேட்டியில் கூறினார்" என்ற வாலைச் சேர்த்து எழுதினால் பழி நம் தலையில் விழாது.

மறுபடி மறுபடி சொல்லப்பட்ட கதை எப்படி உருமாறும் என்பதற்கும் புவா சூ காங்கே உதாரணம். சிங்கிலிஷ், அதாவது சிங்கப்பூரின் பேச்சு வழக்கு ஆங்கிலம், பேசியதற்காக அரசாங்கம் அந்தத் தொடரைத் தடை செய்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 1999 ஆகஸ்ட் 22 அன்று ஆற்றிய தேசிய தினப் பேரணி உரையைப் படித்தால் தடை என்ற பேச்சே இல்லை. குர்மிட் சிங்குக்குப் பல மொழிகள் தெரியும், அவர் நடிக்கும் பாத்திரத்துக்குச் சிங்கிலிஷ் மட்டும்தான் தெரியும் என்று சொல்லி, அந்தப் பாத்திரத்தை ஆங்கில வகுப்புக்கு அனுப்பலாமே என்று தொலைக்காட்சி நிலையத்தைக் கேட்டதாகப் பிரதமர் குறிப்பிடுகிறார். தொடரோ அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் ஓடியது. என்ன சொல்லப்பட்டது என்பதற்கு உரையின் மூலப் பிரதி, மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்த வார நாளிதழ்கள், பிறகு என்ன நடந்தது என்பதற்குத் தொடர். மூன்றும் இருக்கும்போது பத்தாண்டு கழித்து எவரோ எழுதிய நினைவுக் குறிப்பை மேற்கோளிடுவது சோம்பேறித்தனம்.

நிறுவன அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடிகர் பட்டியலுக்குச் சரி. "முதல்", "மிகப் பெரிய" போன்ற சொற்கள் வந்தால் வேறொருவர் எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் முதல் தமிழ் நகைச்சுவைத் தொடர் என்ற பட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களுக்குக் கட்ட முடியாது.

ரசிகர் தரவுத்தளங்களில் ஐஎம்டிபியைத்தான் பலரும் முதலில் நாடுகிறார்கள். பயனர்கள் நிரப்புவது என்பதால் ஆங்கில விக்கிப்பீடியா அதை நம்பகமான மூலமாக ஏற்பதில்லை. விக்கிப்பீடியாவில் ஒருவர் சான்றின்றி எழுதியது தரவுத்தளத்துக்குப் போய், அங்கிருந்து வலைப்பதிவுக்குப் போய், அந்த வலைப்பதிவே மறுபடி விக்கிப்பீடியாவில் மேற்கோளாகத் திரும்பி வருவதும் நடக்கிறது. எங்கே தேடலாம் என்று தடம் காட்ட அது உதவும், அதற்கு மேல் இல்லை.

எண்ணிக்கையில் எல்லா மூலங்களும் நம்மைக் காலை வாரும். சிங்கப்பூரிலும் பலரைச் சிரிக்க வைத்த பிரிட்டிஷ் தொடர் 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' மொத்தம் எத்தனை அத்தியாயங்கள்? 29 என்பவரும் 42 என்பவரும் உண்டு, இருவர் கணக்கும் சரி. 1977 டிசம்பரில் தொடங்கி 1979 வரை வந்த மூன்று பருவங்களில் 29. பிறகு வேறு தயாரிப்பில் 1980களின் நடுவில் எடுத்த 13ஐயும் சேர்த்தால் 42. அந்தப் பதின்மூன்றும் வட்டாரம் வட்டாரமாக ஒளிபரப்பிய பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியின் எல்லா வட்டாரங்களிலும் ஒளிபரப்பாகவில்லை என்பதால் தேதிகளும் மூலத்துக்கு மூலம் மாறுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு எண்ணை மட்டும் போட்டு ஓடிவிடாமல், எதை எண்ணினோம் என்று அரை வரி எழுத வேண்டும்.

இரண்டு மூலங்கள் இரண்டு தேதி சொன்னால் இரண்டையும் அடிக்குறிப்பில் நாளிதழ் பெயர், நாள், பக்கத்தோடு கொடுத்துவிட்டுத் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியில் ஆண்டை மட்டும் இடுவது என் வழக்கம். முடிந்த தேதி கிடைக்கவில்லையா, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். மாதம் தெரியாத தொடருக்கெல்லாம் ஜனவரி 1 என்று நிரப்பிவிட்டுப் போகிற புண்ணியவான்களோடுதான் உரையாடல் பக்கத்தில் எனக்கு ஓயாத வழக்கு.