ஜோட்டெரோ: முதல் கட்டுரையைச் சேமித்த நாளிலிருந்து ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் வரை

ஐம்பது கட்டுரைகளைச் சேமித்து ஒரு வாரம் பழகிப் பார்த்தால் எந்த மேற்கோள் மென்பொருளும் நன்றாகத்தான் தெரியும். சேமிப்பு ஆயிரத்தைத் தாண்டி, ஆய்வேடு இருநூறு பக்க வேர்ட் கோப்பாகப் பருத்து, நெறியாளர் "இந்த மேற்கோள் பட்டியலில் இல்லையே" என்று கேட்கும் கட்டத்தில்தான் அதன் உண்மையான குணம் வெளிப்படும். படித்த கட்டுரைகளைச் சேமித்து, எழுதும்போது மேற்கோளும் நூற்பட்டியலும் அமைத்துத் தரும் ஜோட்டெரோ அங்கே பெரும்பாலும் தாங்குகிறது. தாங்காமல் போகும் இடங்களில் பாதிக்கு மேல், மூன்று ஆண்டுக்கு முன் அவசரத்தில் சேமித்த ஒரு பதிவின் பிழையாக இருக்கும்.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசன்ஸ்வைக் மையம் 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாக வெளியிட்ட திறமூல மென்பொருள் இது, இன்றும் இலவசம். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பில் பிடிஎஃப் வாசிப்பான் உள்ளேயே சேர்ந்தது. 2024-இல் வந்த 7-ஆம் பதிப்பு ஈபப் நூல்களையும் சேமித்த வலைப்பக்கங்களையும் திறக்கிறது. இந்த ஆண்டுகளைச் சொல்லக் காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல பழைய பதிப்புகளுக்கானவை. கோப்புகளுக்குப் பெயர் மாற்றித் தந்த பழைய செருகுநிரலான ஜாட்ஃபைலை நிறுவச் சொல்லும் வழிகாட்டி எதுவானாலும் தள்ளிவிடலாம். அது 7-ஆம் பதிப்பில் இயங்காது. கோப்புக்கு ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று பெயர் மாற்றும் வேலையை இப்போது ஜோட்டெரோவே செய்துவிடுகிறது.

சேமிக்கும்போது முப்பது விநாடி

உலாவியின் ஜோட்டெரோ பொத்தானைக் கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கத்தில் நின்று அழுத்த வேண்டும். பிடிஎஃப் மட்டும் திறந்திருக்கும் தாவலிலிருந்து சேமித்தால், கோப்புக்குள் கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைத் தேடி மென்பொருள் விவரங்களை ஊகிக்க வேண்டிய நிலை வரும். பழைய ஸ்கேன் கட்டுரைகளில் அது பலிக்காது. அப்போது ஆசிரியர், தலைப்பு விவரங்களைத் தாங்கும் பெற்றோர் பதிவு இல்லாமல் பிடிஎஃப் தனியாக நிற்கும். வலது சொடுக்கில் 'கிரியேட் பேரன்ட் ஐட்டம்' தேர்ந்து டிஓஐ எண்ணை இட்டால் சரியாகும். மந்திரக்கோல் சின்னம் கொண்ட பொத்தானில் டிஓஐ, ஐஎஸ்பிஎன், பப்மெட் எண், ஆர்க்கைவ் எண் நான்கும் செல்லும்.

சேமித்ததும் பதிவின் வகை, ஆசிரியர், தலைப்பு, ஆய்விதழ் விவரம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆய்விதழ்க் கட்டுரை 'வெப் பேஜ்' என்று பதிவாகியிருந்தால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் பட்டியலில் வரவே வராது. ஆங்கிலத் தலைப்புகளை வாக்கிய நடையில், அதாவது முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து வைத்துச் சேமிக்க வேண்டும். பெரிய எழுத்து நடை கேட்கும் மேற்கோள் பாணிக்கு ஜோட்டெரோ தானே மாற்றிக்கொள்ளும். எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாததால் எதிர்த்திசையில் மாற்றாது. தலைப்புப் புலத்தில் வலது சொடுக்கினால் வாக்கிய நடைக்கு மாற்றும் வசதி உண்டு, ஆனால் வேதிப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கையால்தான் மீட்க வேண்டும். உயிரியல் மாணவர்கள் இனப்பெயர்களின் சாய்வெழுத்துக்கு உரிய எச்டிஎம்எல் குறிகளைத் தலைப்பிலேயே தட்டச்சிட்டால் போதும். வேர்டில் ஒவ்வொன்றாகச் சாய்த்தால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துபோகும்.

ஆசிரியர் பெயரில்தான் தொல்லை அதிகம். நிறுவனம் ஆசிரியராக இருந்தால் பெயர்ப் புலத்தை ஒற்றைப் புலமாக மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் 'வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன்' என்பது 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஒரு மனிதராகிவிடும். தமிழ்ப் பெயர்களில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. தந்தை பெயரின் முன்னெழுத்தைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும் தரவுத்தளங்கள் உண்டு. அங்கிருந்து வரும் 'க. முருகன்' பட்டியலில் 'க., மு.' என்று நிற்பார். முருகனைக் குடும்பப்பெயர்ப் புலத்திலும் முன்னெழுத்தை மற்றப் புலத்திலும் வைத்து, நூலகம் முழுக்க அதே முறையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

எதற்கு இத்தனை கண்டிப்பு என்றால், விளைவு வேர்டில் புதிராக முளைக்கும். ஏபிஏ பாணியில் எழுதும்போது ஒருவருக்கு மட்டும் உடல்பகுதியில் '(ஆர். குமார், 2019)' என்று முன்னெழுத்து சேர்ந்து வருகிறதா? அதே ஆசிரியர் நூலகத்தில் 'குமார், ஆர்.' என்றும் 'குமார், ரவி' என்றும் இரண்டு விதமாக இருக்கிறார். இருவரும் வேறு ஆட்கள் என்று நினைத்து மென்பொருள் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஒரே ஒரு கட்டுரைதான், ஆனால் 2019அ, 2019ஆ என்று பிரிகிறது என்றால் அந்தப் பதிவு இரண்டு முறை சேமிக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து நூலகத்தில்தான்.

இரட்டைப் பதிவில் ஒன்றை நீக்கக் கூடாது, இணைக்க வேண்டும். நீக்கினால் அதை வைத்து வேர்டில் இட்ட மேற்கோள் நூலகத்தோடு இருந்த தொடர்பை இழக்கும். 'மெர்ஜ்' செய்தால் பழைய மேற்கோள்களும் புதிய பதிவையே சுட்டும், குறிப்புகளும் கோப்புகளும் கூடவே வரும். முன்பதிப்பாக, அதாவது ஆய்விதழில் வருமுன் இணையத்தில் வெளியான வடிவில், சேமித்த கட்டுரை பிறகு ஆய்விதழில் வெளியாகும்போது இது கைகொடுக்கும். வகை வேறான இரண்டு பதிவுகளை இணைக்க முடியாது என்பதால், முன்பதிப்பின் வகையை முதலில் ஆய்விதழ்க் கட்டுரை என்று மாற்றிவிட்டு, டிஓஐ வழியே வந்த புதிய பதிவோடு இணைக்க வேண்டும்.

வாசிப்பும் தேடலும்

உள்வாசிப்பானில் போடும் வண்ணக்கோடுகளும் குறிப்புகளும் பிடிஎஃப் கோப்புக்குள் போவதில்லை, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில் தங்குகின்றன. அதே கோப்பை வேறு செயலியில் திறந்து, கோடுகள் காணோமே என்று பதறுவது வழக்கம். வெளியே எடுத்துச் செல்ல 'எக்ஸ்போர்ட் பிடிஎஃப்ஸ்' வழியே குறிப்புகளோடு நகலெடுக்கலாம். இன்னும் பயனுள்ளது, கோடிட்ட வரிகளை ஒரே குறிப்பாகத் திரட்டும் வசதி. ஒவ்வொரு வரியோடும் பக்க எண் வரும். சொடுக்கினால் அந்தப் பக்கம் திறக்கும். இலக்கிய மீளாய்வு எழுதும் மாதங்களில் இந்த ஒரு வசதிக்காகவே மென்பொருளை மன்னித்துவிடலாம்.

முழுவுரைத் தேடலில் அதிகம் பேர் அறியாத ஒரு வரம்பு இருக்கிறது. இயல்பு நிலையில் ஒரு பிடிஎஃப்பின் முதல் 100 பக்கங்கள் மட்டுமே தேடல் அட்டவணைக்குள் போகும். கட்டுரைகளுக்கு அது தாராளம். நூல்களையும் பிறர் ஆய்வேடுகளையும் சேமிப்பவர்கள் அமைப்புகளில் இந்த எண்ணை உயர்த்திவிட்டு அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும், எழுத்து எண்ணிக்கை வரம்பான 500000-ஐயும் சேர்த்து உயர்த்த வேண்டும். ஸ்கேன் செய்த கோப்பில் தேட எழுத்தே இருக்காது. டெசராக்ட் போன்ற எழுத்துணரியால் எழுத்து அடுக்கு சேர்த்த பிறகே அதை நூலகத்தில் ஏற்றலாம். டெசராக்ட் தமிழையும் படிக்கும். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ் பிடிஎஃப்களுக்கும் இதே வழிதான், ஏனென்றால் அவற்றின் எழுத்து கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை.

கலெக்‌ஷன்கள் கோப்புறைகள் அல்ல. ஒரே பதிவு ஐந்தில் இருக்கலாம். இயலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலே போதும். இணையத்திலிருந்து தானாக வந்து சேரும் டேக்குகளை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஆறு மாதத்தில் இரண்டாயிரம் டேக் சேர்ந்தால் ஒன்றும் பயன்படாது.

இடம், ஒத்திசைவு, காப்பு

இலவசமாகக் கிடைக்கும் கோப்பு இடம் 300 எம்பி. சராசரி பிடிஎஃப் ஒன்றிரண்டு எம்பி என்று வைத்தால், முதல் ஆண்டு முடிவதற்குள் நிறைந்துவிடும். பதிவு விவரங்களும் குறிப்புகளும் இந்தக் கணக்கில் சேராது, அவை எத்தனை இருந்தாலும் ஒத்திசையும். மேலும் இடம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு 20 டாலருக்கு 2 ஜிபி வாங்கலாம், அல்லது கோப்புகளை மட்டும் வெப்டேவ் (வெளிச் சேமிப்பகத்தோடு கோப்புகளைப் பரிமாறும் முறை) சேவை ஒன்றுக்குத் திருப்பலாம். வெப்டேவ் தனிநபர் நூலகத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வகக் குழு நூலகத்தின் கோப்புகள் குழு உரிமையாளரின் இடத்தையே தின்னும். பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் உரிமையாளராக இருந்தால், போகும் முன் உரிமையை மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையைக் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எதற்குள்ளும் வைப்பது. பிடிஎஃப் போன்ற இணைப்புகள் தவிர, நூலகத்தின் பதிவுகளும் குறிப்புகளும் எல்லாம் ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு. அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பாதியில் மேகச் சேவை நகலெடுத்தால் தரவுத்தளம் சிதையும். ஒத்திசைவைக் காப்பு நகல் என்று நம்புவதும் தவறு. ஒரு கணினியில் நீக்கியது எல்லாக் கணினியிலும் நீங்கும், குப்பைத்தொட்டியும் இயல்பு நிலையில் 30 நாளில் காலியாகும். மாதம் ஒருமுறை ஜோட்டெரோவை முழுவதும் மூடிவிட்டு, கோப்புறையை அப்படியே வெளி வட்டுக்கு நகலெடுப்பதுதான் காப்பு.

வேர்டில்

நூற்றுக்கணக்கான மேற்கோள் சேர்ந்ததும் ஒவ்வொரு புதிய மேற்கோளுக்கும் வேர்ட் பல விநாடிகள் உறையும், ஏனென்றால் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடுகிறது. 'டாக்குமென்ட் பிரிஃபரன்சஸ்' பகுதியில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, நாள் முடிவில் 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் இந்தச் சுமை போய்விடும். இயல்களைத் தனித்தனிக் கோப்பாக எழுதுவதும் நல்ல வழி. இறுதியில் அவற்றை ஒரே கோப்பில் ஒட்டிப் புதுப்பித்தால் பட்டியல் ஒன்றாகும், எண் பாணியில் எண்களும் தாமாகச் சீராகும்.

பக்க எண், 'காண்க' போன்ற முன்னொட்டு, ஆசிரியர் பெயரை மறைப்பது எல்லாமே மேற்கோள் பெட்டியில் பெயரைச் சொடுக்கிச் சேர்க்க வேண்டியவை. வேர்டில் நேரடியாகத் திருத்தினால், திருத்தத்தை வைத்துக்கொள்ளவா என்று ஜோட்டெரோ கேட்கும். ஆம் என்றால் அந்த மேற்கோள் அதன்பின் தானாகப் புதுப்பிக்கப்படாது.

நெறியாளரோ இணை ஆசிரியரோ வேர்ட் கோப்பைக் கூகுள் டாக்ஸில் திறந்து திருத்தித் திருப்பி அனுப்புவதுதான் மிகப் பெரிய ஆபத்து. மேற்கோள்கள் வெறும் எழுத்தாக மாறிவிடும், மீட்க வழியில்லை. கருத்துக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் அனுப்புங்கள். எழுதும் இடமே மாறுகிறது என்றால் 'ஸ்விட்ச் வேர்ட் பிராசசர்ஸ்' வழியே மாற்றி அனுப்ப வேண்டும். பதிப்பாளருக்குத் தரும் 'அன்லிங்க் சைடேஷன்ஸ்' நகலும் ஒருவழிப் பாதைதான், எப்போதும் தனி நகலில் மட்டும் செய்ய வேண்டும்.

வேர்டுக்குப் பதில் லேடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு பெட்டர் பிப்டெக் செருகுநிரல் போதும். மேற்கோள் சாவிகளை (ஒவ்வொரு பதிவையும் லேடெக்கில் குறிக்கும் குறுஞ்சொற்கள்) மாறாதபடி 'பின்' செய்துவிட்டு, ஏற்றுமதியில் 'கீப் அப்டேட்டட்' தேர்ந்தால் பட்டியல் கோப்பு தானாக மாறிக்கொண்டே வரும். அந்தக் கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்த ஏற்றுமதி அதை அழித்துவிடும்.

பெரிய பதிப்பு மாற்றம் வரும்போதெல்லாம் சில செருகுநிரல்கள் உடைகின்றன. ஒப்படைப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது புதிய பதிப்புக்குத் தாவ எந்தக் காரணமும் இல்லை. குழுவில் எல்லோரும் எண்ட்நோட் என்ற இன்னொரு மேற்கோள் மென்பொருளைப் பயன்படுத்தினால், ஒரே கோப்பில் இரண்டையும் கலக்க முடியாது என்பதால், கூட்டாக எழுதும் கட்டுரைக்கு மட்டும் அவர்கள் வழிக்கே போய்விடுவது மேல்.

கணக்கைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் தொடங்கியவர்கள் இன்றே தனிப்பட்ட முகவரி ஒன்றையும் அதில் சேர்த்துவிடலாம். பட்டம் வாங்கிய சில மாதங்களில் பல்கலைக்கழக முகவரி மூடப்படும். நிறுவனச் சந்தாவால் கிடைத்த கூடுதல் இடமும் அதோடு போகும், புதிய கோப்புகள் மேலேறாமல் நிற்கும்.