பல் எக்ஸ்-ரே எடுக்கச் செல்வோர் கவனத்துக்கு: வீரியம் போன டெவலப்பரும் வீணான நான்கு படங்களும்

கடந்த மே மாதம் என் மனைவியின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்வதற்காகத் திருச்சியில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். ஒரே பல்லுக்கு நான்கு முறை எக்ஸ்-ரே எடுத்து, படத்துக்கு 250 ரூபாய் வீதம் வாங்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ நடத்தி, இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவிப் பழகியவன் என்பதால், அங்கே தவறு எங்கே நடக்கிறது என்பது எனக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. விளங்கியும் வாய் திறக்காமல் இருந்தது என் குற்றம்.

முதல் படத்துக்கு, ஃபிலிமை வாய்க்குள் நிறுத்தும் பிடிமானம் கைவசம் இல்லை என்று சொல்லி, அதை மனைவியின் பல்லோடு ஒட்டி என் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார் உதவியாளர். சொல்லிவிட்டுச் சுவிட்சை எடுத்துக்கொண்டு அவர் கதவுக்கு வெளியே போய்விட்டார். ஆறடிக்கு அப்பால் அவர் நிற்பது முறைதான், ஆனால் கதிர் நேராக விழும் பாதையில் என் விரல் இருந்தது. இப்படிக் கதிரின் பாதையில் பல ஆண்டுகள் கையை வைத்துப் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து 1928-இல் இறந்தார். அக்காலக் கருவிகளோடு இன்றையவற்றை ஒப்பிட முடியாது. இன்று ஒரு பல் படத்துக்குச் சில மைக்ரோசீவர்ட் (கதிர் அளவின் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட்) கதிரே ஆகிறது, இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் நம்மீது விழுகிறது. ஆகவே யாரையும் பயமுறுத்துவது என் நோக்கமன்று. ஈய மேலங்கி தரவில்லை என்பதையும் நான் பெரிதுபடுத்தவில்லை, ஏனெனில் கதிரைச் சரியாகக் குவித்து எடுக்கும்போது அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-இல் பரிந்துரைத்துவிட்டது. பயனில்லாத படத்துக்காகக் கதிர் வாங்கியதுதான் என் குறை.

படம் கழுவியது ஜன்னலோரம் இருந்த ஒரு சிறிய கறுப்புப் பெட்டியில். கை நுழைக்க இரண்டு துளைகள், மேலே நிறக் கண்ணாடி, உள்ளே உருவத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர், தண்ணீர், தெரிந்த உருவத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ என்று மூன்று கிண்ணங்கள். டெவலப்பர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் அந்த நிறத்தைக் கண்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்போம். வெப்பமானியும் இல்லை, கடிகாரமும் இல்லை. 20 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் ஊற வேண்டிய ஃபிலிமுக்கு 27 டிகிரியில் இரண்டரை நிமிடம் போதும். அதற்கும் மேலான சூட்டில் படம் மூட்டம் போடும். திருச்சியின் மே மாதத்தில் அவர் அதை உத்தேசமாக முக்கி எடுத்தார்.

முதல் படம் வெளுத்து வந்தது. அம்மா அசைந்துவிட்டார் என்றார் உதவியாளர். அசைந்தால் படம் கலங்குமே தவிர வெளுக்காது. இரண்டாவது படமும் வெளுத்திருந்தது, கூடவே டயர்த் தடம் போன்ற கோடுகள். உறைக்குள் ஃபிலிமின் முதுகுப் பக்கம் இருக்கும் ஈயத் தாளின் வரிகள் அவை, அதாவது ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டார்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் கருவியில் நேரத்தைக் கூட்டினார். டெவலப்பர் வீரியம் இழந்ததை மறைக்க நோயாளிக்குக் கதிரைக் கூட்டுவது என்பதே இதன் பொருள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருந்தை மாற்றியிருந்தால் ஒரு படத்தோடு வேலை முடிந்திருக்கும்.

நான்காவது படத்தை ஹைப்போவில் ஒரு முக்கு முக்கி, ஈரத்தோடு மருத்துவரிடம் காட்டினார்கள். அவசரத்துக்கு அப்படிப் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் பார்த்தபின் மீண்டும் ஹைப்போவில் போட்டு, பிறகு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது அலச வேண்டும். இங்கே நேராகத் துடைத்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ஹைப்போவை உதவியாளர் கைகழுவும் தொட்டியிலேயே ஊற்றியதையும் பார்த்தேன். வெள்ளி கரைந்த அந்த நீர், 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டிய கழிவு. வெள்ளி எடுப்பவர்கள் எங்கள் ஸ்டூடியோக்களிலிருந்து அதைக் காசு கொடுத்தே வாங்கிப் போவார்கள்.

மூன்று மாதம் கழித்து வலி திரும்பியதால் வேறொரு மருத்துவரிடம் போனோம். வேர் நுனியை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்களைக் கேட்டார். ஹைப்போவில் போதிய நேரம் ஊறாமலும் அலசாமலும் விட்டதால் நான்கும் பழுப்பேறித் திட்டுத் திட்டாகிப் போயிருந்தன. அவர் பிடிமானத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கணினியோடு இணைந்த சென்சாரைப் பொருத்தி, அதன் மேல் புதிய பிளாஸ்டிக் உறை மாட்டி, ஒரே தடவையில் கணினித் திரையில் படத்தைக் காட்டினார். அவருடைய அறைச் சுவரில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவுச் சான்று மாட்டியிருந்தது. பல் எக்ஸ்-ரே கருவிக்கும் அந்தப் பதிவு கட்டாயம் என்பதையே அன்றுதான் அறிந்தேன். முதலில் போன இடத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பழுப்பேறிய படங்களோடு முதல் மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று, நான்கில் மூன்றுக்கான 750 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "படம் என்றால் நாளாக நாளாகப் பழுக்கத்தான் செய்யும் சார்" என்றார் வரவேற்பில் இருந்தவர். 1984-இல் நான் அலசிக் காயவைத்த கல்யாண நெகட்டிவ்கள் வீட்டு அலமாரியில் இன்றும் பழுக்காமல் இருக்கின்றன என்று சொன்னேன். மருத்துவரிடம் கேட்டுச் சொல்வதாக என் கைபேசி எண்ணை எழுதிக்கொண்டார். இரண்டு மாதமாகிறது, அழைப்பு வரவில்லை.