சாய்ந்த மரத்தை எடுக்க 20,600 ரூபாய்: கொடுத்த காசுக்குத் தகுமா?

தகும். ஒரு குறை, ஒரு பெரிய குறை இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். ஆனால் புயலில் சாய்ந்த மரத்துக்கு விலை சொல்வது எப்படி என்று எங்களுக்கு வேலை செய்த இந்த மரம் வெட்டும் மேஸ்திரியிடம் மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மழையில் மண் இளகி எங்கள் வீட்டுப் பின்புறத்துத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. முழுசாகத் தரையில் படுத்திருந்தால் வேலை சுலபம். அது பாதி எங்கள் காம்பவுண்டு சுவர் மேலும், பாதி பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேலும் தாங்கிக்கொண்டு நின்றது. ரோட்டில் விழுந்த மரங்களைத்தான் நகராட்சி ஆட்கள் முதலில் எடுப்பார்கள், வீட்டுக்குள் விழுந்ததை நாம்தான் ஆள் வைத்து எடுக்க வேண்டும்.

ஒருவர் போனிலேயே 10,000 என்றார், மரத்தைப் பார்க்கக்கூட இல்லை. துருவித் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அறுத்துத் துண்டு போடுவதற்கு மட்டும்தான் அந்தக் காசு, கட்டையும் தழையும் நம் வாசலிலேயே கிடக்கும். இன்னொருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தமாக 35,000 என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டால், "புயல் நேரம்மா, ஆள் கிடைக்காது" என்பதே பதில். ஆள் கிடைக்காதது உண்மைதான், கூலி ஏறும் என்பதும் நியாயம்தான். ஆனால் அது மட்டுமே விலைக்குக் காரணமாக இருக்க முடியாது.

மூன்றாவதாக வந்தவர்தான் இவர். வில்லியனூர் பக்கம். போர்டு, கார்டு எதுவும் கிடையாது, தெரிந்த மரவாடியில் சொல்லி அனுப்பினார்கள். வந்ததும் விலை பேசவில்லை. மரத்தைச் சுற்றி வந்தார், கூரை மேல் வளைந்து அழுந்திக் கிடந்த கிளையைக் கையால் தட்டிப் பார்த்தார், கரண்ட் ஒயர் எங்கே போகிறது என்று கேட்டார், ஜேசிபி சந்துக்குள் நுழையுமா என்று கால் அடியால் அளந்தார். அடிமரத்தில் துணிக்கொடி கட்ட நாங்கள் எப்போதோ அடித்த ஆணிகளைத் தேடித் தேடி சாக்பீஸால் வட்டம் போட்டார். ஆணியில் பட்டால் மரம் அறுக்கும் மெஷினின் செயின் மழுங்கும், மரவாடியிலும் ஆணி இருக்கும் கட்டைக்கு விலை குறைப்பார்கள் என்றார். அப்புறம்தான் ஒரு நோட்டில் எழுதினார்.

ஆள் கூலி 11,000. மெஷின் வாடகையும் பெட்ரோலும் 3,000. ஜேசிபி மணிக்கு 1,400 வீதம் மூன்று மணி நேரம், 4,200. குப்பையும் தழையும் ஏற்ற டிராக்டர் லோடு 1,500 வீதம் நான்கு, 6,000. ஆக 24,200. இதில் கட்டையை அவரே எடுத்துக்கொள்வதற்காக 5,000 கழித்து 19,200. மற்ற இரண்டு பேரும் இந்தக் கட்டை விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தூங்குமூஞ்சி தேக்கு மாதிரி விலை போகாது, பெரும்பாலும் விறகுக்கும் பெட்டி அடிக்கவும்தான், ஆனாலும் அந்தப் பருமனுக்கு அது சும்மா போகிற பொருள் இல்லை. ஜேசிபி ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியதால் கடைசியில் 20,600 கொடுத்தோம்.

சொந்தத்தில் சிலர் "ஒத்த மரத்துக்கு இருபதாயிரமா" என்று ஆச்சரியப்பட்டார்கள். 2018 கஜா புயலுக்கு அப்புறம் அரசு ஒரு தென்னைக்கு அறிவித்த 1,100 ரூபாய் நிவாரணத்தில் வெட்டி அகற்ற 500 என்று கணக்கு இருந்ததே என்று பட்டுக்கோட்டை சித்தப்பா கேட்டார். தோப்பில் விழுந்த தென்னை வேறு. கிளை இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை, டிராக்டர் பக்கத்திலேயே வந்து நிற்கும். வீட்டுக்குள் சாய்ந்த மரத்தில் நாம் காசு கொடுப்பது வெட்டுவதற்கு மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுக்கு மேற்கொண்டு சேதம் வராமல் இறக்குவதற்கு.

அதை இவர்கள் நன்றாகவே செய்தார்கள். லைன்மேன் வந்து சர்வீஸ் ஒயரைக் கழற்றும் வரை மெஷினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. கூரை மேல் இருந்த கிளைகளைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கினார்கள். வளைந்து நிற்கும் கிளையை ஒரே வெட்டாக வெட்டினால் சாட்டை மாதிரி எகிறி ஆளை அடிக்கும், அதனால் அழுந்தியிருக்கும் பக்கம் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகு விறைத்த பக்கம் அறுத்தார்கள். அடிமரத்தை வெட்டும் முன் மேஸ்திரி எல்லோரையும் வேர் பெயர்ந்த குழிப் பக்கத்திலிருந்து விரட்டினார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வெட்டி முடித்த நொடியில், அதுவரை செங்குத்தாக நின்ற வேர்க்கட்டை, மேலே பாரம் இல்லாததால் தடாலென்று குழிக்குள்ளேயே திரும்ப உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்சம் முன்பு அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

சரி, குறை. மெஷின் பிடித்தவர் காலில் ரப்பர் செருப்பு. தலையில் துண்டு மட்டும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, காதுக்கு ஒன்றும் இல்லை. மரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த மேஸ்திரி தன் ஆட்களின் காலைப் பற்றி யோசிக்காதது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேன். "ஷூ போட்டா மரத்துல கால் நிக்காதும்மா" என்றார். ஏறுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம், தரையில் நின்று மெஷின் பிடிக்கிறவருக்கு எப்படிச் சரியாகும்? ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்கும் பில்லில் இன்னும் ஆயிரம் போட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

வேர்க்கட்டையைத் தோண்டி எடுப்பது இந்தக் கணக்கில் சேராது, குழி மூட மண் அடிப்பதும் சேராது. அதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் புகார் இல்லை. வேர்க்கட்டை அங்கேயே கிடக்க வேண்டாம் என்றால் ஜேசிபி நிற்கும்போதே பேசி முடித்துவிடுங்கள், அப்புறம் தனியாக வரவழைத்தால் அதற்கு வேறு வாடகை ஆகும். முன்பணம் பாதிக்கு மேல் கேட்கவில்லை, மீதியைக் கடைசி லோடு கிளம்பிய பிறகுதான் வாங்கினார்.