பாட்டா, கட்டையா? தொடக்கப்பள்ளி இசை வகுப்புக்கு இரண்டு வழிகள்

ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இசையை எங்கிருந்து தொடங்குவது? ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் குரலிலிருந்து தொடங்கச் சொன்னார். ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், பேச்சு, அசைவு, தாளம் ஆகியவற்றிலிருந்து தொடங்கினார்.

ஓர்ஃப் வகுப்பில் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், தொடையில் தட்டுகிறார்கள், காலால் தரையை மிதிக்கிறார்கள். தங்கள் பெயர்களையே தாளக்கட்டாக்கிச் சொல்கிறார்கள். பிறகு, மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சைலோஃபோன் வருகிறது. அதன் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். மேற்கத்திய ஸ்வரங்களின் பெயர்களைத் தாங்கிய ஏழில் ஆசிரியர் எஃப், பி இரண்டையும் எடுத்துவிடுவார். மிஞ்சும் சி, டி, ஈ, ஜி, ஏ என்ற ஐந்தும் நமது மோகன ராகத்தின் ஸ்வரங்கள். எந்தக் கட்டையைத் தட்டினாலும் காதை உறுத்தாது. கூச்சப்படும் பிள்ளையும் முதல் நாளே சேர்ந்து வாசிக்கிறது. ஓர்ஃபும் அவருடன் பணியாற்றிய குனில்ட் கீட்மனும் 1948 முதல் பவேரிய வானொலியில் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய நிகழ்ச்சிகள் இந்த முறையைப் பரவலாக்கின.

ஆனால் அந்தப் பாதுகாப்பிலேயே ஒரு குறையும் இருக்கிறது. தவறு கேட்காத இடத்தில் காது விழிப்பதில்லை. கவனமில்லாத வகுப்பில் ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் தட்டியும், தான் தட்டியது மேல் ஸ்வரமா கீழ் ஸ்வரமா என்று அறியாமலே இருந்துவிடலாம்.

கோடாய் முறை நேர் எதிர். தொடக்கத்தில் ஸோ, மி என்ற இரண்டே ஸ்வரங்கள். நம் கணக்கில் பஞ்சமமும் (ப) அந்தரகாந்தாரமும் (க). ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை உண்டு. அதை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கர்வென் பரப்பிய முறையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தாய்மொழியின் நாட்டுப்பாடல்களைப் பாடுகிறார்கள். இங்கே முதல் ஸ்வரமான ‘டோ’ எந்தச் சுருதியிலும் நிற்கும், நமது ஷட்ஜம் (ஸ) போல. கர்நாடக சங்கீதம் கற்ற ஆசிரியருக்கு இது உடனே பிடிபடும். ஆனால் நமது தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தின் ஏழு ஸ்வரங்களையும் முதல் பாடத்திலேயே தந்துவிடுகிறது. கோடாய் முறையில் மூன்றாவது ஸ்வரத்துக்கே பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். சிறு காதுகளுக்கு இந்த நிதானம் நல்லது என்றே நினைக்கிறேன்.

இதில் நான் மிகவும் மதிக்கும் பயிற்சி மனதுக்குள் பாடுவது. பாட்டின் நடுவில் ஆசிரியர் கையை மூடுகிறார். வகுப்பு வாய்மூடி உள்ளுக்குள் தொடர்கிறது. கை திறந்ததும் எல்லாரும் சரியான இடத்தில், சரியான சுருதியில் வந்து சேர வேண்டும். யார் வழுவினாலும் கேட்டுவிடும். அதைத் திட்டாமல் திருத்துவதுதான் ஆசிரியரின் வேலை. அவசரக்காரர் கையில் இது வெறும் சைகைப் பயிற்சியாகிவிடும்: கைகள் ஏறி இறங்கும், சுருதி எங்கோ போகும்.

செலவில் ஒப்பிடவே முடியாது. கோடாய் முறைக்கு ஒரு சுருதிப்பெட்டி போதும். ஓர்ஃப் முறைக்கு வாத்தியங்களும் அவற்றை வைக்க அறையும் வேண்டும். சுவிட்சர்லாந்து இசை ஆசிரியர் டால்குரோஸின், உடல் அசைவால் இசை கற்பிக்கும் முறை அழகானதுதான், ஆனால் விசாலமான கூடமும் நினைத்தபடி பியானோ வாசிக்கும் ஆசிரியரும் வேண்டும். ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் எட்டு, ஒன்பது வயது வரை காத்திருக்கட்டும். சின்ன விரல்கள் துளைகளை முழுதாக மூடுவதில்லை.

நாற்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர், நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் என் தேர்வு கோடாய். ஓர்ஃபிடமிருந்து காசில்லாமல் கிடைக்கும் கைத்தட்டல் அடுக்குகளை அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிடம் கொஞ்சம் பணம் இருந்தால் தாழ்ந்த ஒலி தரும் ஒரு பாஸ் சைலோஃபோன் வாங்கி, பாடும்போது ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு பிள்ளை மாறட்டும்.