குதிரைக்குக் காந்த சிகிச்சை: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓசூர், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கோ சவாரிக்கோ குதிரை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். மூட்டுத் தேய்மானத்தைக் காந்த அலை மெஷினால் குணமாக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். எங்களிடம் 18,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்.

எங்கள் பெட்டைக் குதிரைக்கு முன்னங்காலில், குளம்புக்கு மேலே உள்ள மூட்டு தடித்திருந்தது. காலையில் நொண்டும், கொஞ்சம் நடந்ததும் சரியாகிவிடும். வந்தவர் காலை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஹோஸ் மாதிரி தடித்த கறுப்பு வளையத்தை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். டக் டக்கென்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் தசை துடிக்கிறது. பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வரும். "தேஞ்ச குருத்தெலும்பு மறுபடி வளரும் சார், அமெரிக்காவுலயே அங்கீகாரம் குடுத்திருக்காங்க" என்றார்.

அங்கீகாரம் கொடுத்தது நிஜம்தான். 1979-இல், மனிதர்களுக்கு, முறிந்து ஒட்டாமல் நிற்கும் எலும்புக்கு! குதிரை மூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சிகிச்சை வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், ஆனால் குதிரைகளில் அதற்கான ஆதாரம் குறைவு. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர வைக்காது. மெஷினே மோசடி என்று சொல்ல மாட்டேன். மருத்துவர் பார்த்து, மற்ற வைத்தியத்துக்குத் துணையாக வைத்தால் அது வேறு கதை.

பெரிய ஆபத்து மெஷினில் இல்லை, கூடவே கொடுத்த பொடியில் இருந்தது. கொள்ளில் கலந்து வைக்க வெள்ளைப் பொட்டலங்கள், லேபிள் கிடையாது. கேட்டால் "மூலிகைச் சத்து" என்றார். குதிரை சீக்கிரமே நன்றாக நடந்தது, பெயர் மெஷினுக்குப் போனது. பொடி தீர்ந்ததும், வளையம் மாட்டிக்கொண்டிருக்கும்போதே நொண்டல் திரும்பி வந்தது. இன்னும் பொடி வாங்கச் சொன்னார். அதற்குள் சாணம் இளகி, குதிரை கொள்ளையே முகர்ந்துவிட்டு ஒதுக்கியது.

அப்புறம் பெங்களூரிலிருந்து குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் வந்தார். மூட்டை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்து, விட்டதும் ஓட வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயில் மூட்டு ஓரத்தில் எலும்பு முள் தெரிந்தது. பொடியில் வலி மருந்தோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்பது அவர் சந்தேகம். ஃபினைல்பூட்டசோன், மெலாக்சிகாம் மாதிரி இரண்டு வலி மருந்துகள் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும், கிட்னியும் கெடும். உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாததால், சரியான மருந்தைக்கூட அவரால் உடனே ஆரம்பிக்க முடியவில்லை. இப்போது எடையைக் குறைத்து, குளம்பைச் சீவி, லாடத்தை மாற்றி, மண் தரையில் மெதுவாக நடக்க விடுகிறோம்.

இந்தப் பக்கம் மாட்டு வைத்தியத்துக்கு ஆள் உண்டு, குதிரைக்கு அபூர்வம். இத்தனைக்கும் ஓசூர் பக்கத்திலேயே இருக்கும் மத்திகிரி கால்நடைப் பண்ணையை 1824-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியதே ராணுவக் குதிரைகளுக்காகத்தான். அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் புகுந்துகொள்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கோர்ஸ முடிக்காம விட்டது நீங்கதானே" என்றார். இப்போது நம்பரை பிளாக் செய்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தைப் புகாருக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். உங்களிடமும் பொட்டலமோ, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.