மூன்றா, நான்கா? பிரிட்டனின் அணு நீர்மூழ்கிக் கணக்கு

கிளாஸ்கோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஃபாஸ்லேன் வந்துவிடும். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்குக்கும் அதுதான் வீடு. அவற்றின் ஏவுகணைகளில் பொருத்தும் அணுகுண்டுகள் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கூல்போர்ட்டில் இருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் காமன்வெல்த் குடிமக்களுக்கு இங்கே பொதுத் தேர்தலில் ஓட்டு உண்டு. அதனால் இவற்றுக்குப் பதிலாகப் புதிதாக மூன்று கப்பல் கட்டுவதா, நான்கா என்ற விஷயத்தில் 2024 தேர்தலில் நானும் ஒரு பக்கம் சாய வேண்டியிருந்தது. அதுவரை 'மூன்று கப்பல் போதும்' என்ற கட்சியில் இருந்தவன், நான்கின் பக்கம் வந்துவிட்டேன். வந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்த கதை. இப்போது ஓடும் வான்கார்ட் வகைக் கப்பல்கள் 1993 முதல் 1999 வரை பணிக்கு வந்தவை. 25 ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். அவற்றுக்குப் பதிலாக டிரெட்நாட் வகையில் நான்கு புதிய கப்பல்கள் பாரோ துறைமுகத்தில் உருவாகின்றன. 2016 ஜூலை 18 அன்று நாடாளுமன்றம் 472க்கு 117 என்று இதற்குச் சம்மதம் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் 59 உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே ஆதரித்தார் என்பதை இந்த ஊரில் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள். விலை 3,100 கோடி பவுண்டு. மேற்கொண்டு தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள இன்னொரு 1,000 கோடி. முதல் கப்பல் 2030களின் தொடக்கத்தில் வரும் என்கிறார்கள்.

அணு ஆயுதமே வேண்டாம் என்பது தனி வாதம். அதைச் சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு, ஆனால் இங்கே அதை எடுக்கவில்லை. தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகளில் அணுகுண்டைப் பொருத்தி, இப்போது அணு ஆயுதம் ஏந்தாத அஸ்ட்யூட் வகை நீர்மூழ்கிகளில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையையும் சுருக்கமாக முடித்துவிடலாம். கூட்டணி அரசு 2013-ல் வெளியிட்ட மாற்று வழிகள் ஆய்விலேயே அது அடிபட்டுவிட்டது. அந்த ஏவுகணைக்குப் புது அணுகுண்டு வடிவமைக்கவே இருபது ஆண்டுக்கு மேல் ஆகும், இடைப்பட்ட காலத்துக்கு எப்படியும் பழைய பாணிக் கப்பல்கள் கட்ட வேண்டிவரும், கடைசியில் செலவு கூடும் என்று கணக்குப் போட்டார்கள். மலிவு என்று போய் இரண்டு செலவு.

மிச்சம் இருப்பது மூன்றா, நான்கா என்பதுதான். மூன்று என்பது ஏதோ ஓரத்துக் கட்சியின் பேச்சு இல்லை. 2009 செப்டம்பரில் அன்றைய பிரதமர் கார்டன் பிரவுனே ஐ.நா.வில் நான்கை மூன்றாகக் குறைக்கத் தயார் என்றார். ஒரு கப்பல் குறைந்தால் கால்வாசிப் பணம் மிச்சம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வடிவமைப்பு, கப்பலை ஓட்டும் அணு உலைக்கான தொழிற்சாலை, கட்டுமானக் கூடம், தளம், அணுகுண்டு எல்லாம் மூன்று கட்டினாலும் வேண்டும், நான்கு கட்டினாலும் வேண்டும். நான்காவது கப்பல்தான் இருப்பதிலேயே மலிவு.

ஆனாலும் என்னை மாற்றியது கட்டும் செலவு இல்லை, பராமரிப்பு. 1969 முதல் ஒரு நாள்கூட விடாமல் ஏதாவது ஒரு கப்பல் கடலுக்கடியில் ரோந்தில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் கொள்கை. ஒன்று ரோந்தில் இருக்கும்போது ஒன்று பிளிமத்தின் டெவன்போர்ட்டில் பிரித்துப் போட்டபடி கிடக்கும். மற்ற இரண்டில் ஒன்று அப்போதுதான் திரும்பியிருக்கும், ஒன்று கிளம்பத் தயாராகும். அதாவது நான்கு கப்பல் வைத்திருப்பவருக்குக் கையில் இருப்பது மூன்றுதான். மூன்று வைத்திருந்தால் இரண்டு.

நான்கில் வான்கார்ட் என்றே பெயர் கொண்ட முதல் கப்பல் 2015 டிசம்பரில் டெவன்போர்ட்டுக்குள் போனது. மூன்று, மூன்றரை ஆண்டு வேலை என்றார்கள். வெளியே வந்தது 2023 மே மாதம். நடுவில், உலையின் குளிர்விப்புக் குழாய்ப் பகுதியில் உடைந்த போல்ட் தலைகளை யாரோ பசை போட்டு ஒட்டி வைத்திருந்த செய்தி வேறு வந்தது. அந்த ஏழு ஆண்டுக்கும் மேலான காலத்தில் மற்ற மூன்றும் மாற்றி மாற்றி ஓடின. வான்கார்ட் வெளியே வந்ததும் நான்கில் இன்னொன்றான விக்டோரியஸ் உள்ளே போனது. அந்த வேலைக்கான ஒப்பந்தம் மட்டும் 56 கோடி பவுண்டு. ஒருகாலத்தில் மூன்று மாதமாக இருந்த ரோந்து இப்போது ஐந்து, ஆறு மாதம் என்று நீள்கிறது. மூன்றை வைத்துக்கொண்டே இந்தப் பாடு என்றால், இரண்டே கப்பல் மாறி மாறி ஓடுவதை யோசித்துப் பாருங்கள். மூன்று வாங்குவதென்றால் 'எந்நேரமும் ரோந்து' என்பதைக் கைவிட்டுவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். அது நேர்மையான வாதம். அவ்வப்போது மட்டும் ரோந்து போனால் எதிரி எவ்வளவு பயப்படுவான் என்பது எனக்கு எட்டாத விஷயம். ராணுவம் படித்தவர்கள்கூட அதில் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள்.

மூன்றின் பக்கம் ஒரு வலுவான பதில் உண்டு. புதிய உலைக்கு ஆயுள் முழுக்க எரிபொருள் மாற்ற வேண்டாம், அதனால் பராமரிப்புக் காலம் குறையும், மூன்றே சமாளித்துவிடும் என்பார்கள். சரி, ஆனால் இதே வாக்குறுதியை முன்பு ஒரு தடவை கேட்டாயிற்று. வான்கார்ட் உலைகளில் போட்ட புது எரிபொருள் தொகுதியும் இனி மாற்றவே வேண்டாம் என்று சொல்லி வைத்ததுதான். வடக்கு ஸ்காட்லாந்தில் டூன்ரே என்ற இடத்தில் அதே உலையின் இரட்டைப் பிறவி ஒன்றைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் அணு நீர்மூழ்கி அரிஹந்துக்காகக் கல்பாக்கத்தில் முதலில் ஒரு மாதிரி உலையை இயக்கிப் பார்த்தார்களே, அதே யோசனைதான். 2012 ஜனவரியில் டூன்ரே உலையின் குளிர்விப்பு நீரில் கதிரியக்கம் தென்பட்டது. எரிபொருள் உறையில் நுண்ணிய கீறல். அதன் பிறகுதான் வான்கார்டுக்கும் எரிபொருள் மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்து 12 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

நாடாளுமன்றத்துக்கு இது எப்போது தெரிந்தது? 2014 மார்ச்சில். இரண்டு ஆண்டு கழித்து. ஸ்காட்லாந்து அரசுக்கும் அதுவரை தெரியாது. 2016 வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்பு ஜூன் மாதத்தில் ஒரு சோதனை ஏவுகணை பிசகிப் போனதும் இதே கதைதான். ஓட்டுப் போட்ட உறுப்பினர்களுக்கு அதைச் சொல்லவில்லை. அடுத்த ஜனவரியில் பத்திரிகையில் வந்தபோது, தொலைக்காட்சிப் பேட்டியில் அன்றைய பிரதமர் தெரீசா மேயிடம் நான்கு தடவை கேட்டும் நேர்ப் பதில் வரவில்லை.

பணக் கணக்கிலும் இந்த மூடுமந்திரம் கொஞ்சம் உண்டு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-ல் அணுசக்திப் பாதுகாப்புத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பத்தாண்டுச் செலவு 5,090 கோடி பவுண்டு, அதில் 290 கோடிக்கு வழி தெரியவில்லை என்றது. 2020-ல் மூன்று கட்டுமானங்கள் மட்டும் 135 கோடி எகிறிவிட்டதைக் காட்டியது. 2023 அறிக்கையில் இந்தத் துறையின் பத்தாண்டு மதிப்பீடு ஒரே ஆண்டில் 3,820 கோடி, அதாவது 62 சதவீதம், கூடியிருந்தது. புதிய அணுகுண்டு, வேறு வகை நீர்மூழ்கிகள் எல்லாம் இதில் சேர்த்திதான். அந்த 62-ல் டிரெட்நாட்டின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வெளியிலிருப்பவர்களுக்கு வழியில்லை. இதுதான் என் குறை. அறிக்கை வருகிறது, ஆனால் மொத்தமாக வருகிறது.

அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே 14 பழைய ஒஹையோ கப்பல்களுக்குப் பதில் 12 கொலம்பியா கப்பல்கள் கட்டுகிறார்கள். அங்கும் தாமதம்தான், முதல் கப்பல் 12 முதல் 16 மாதம் பிந்தும் என்று கடற்படையே 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆனால் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லும் தணிக்கை அமைப்பு வெல்டிங் கோளாறு முதல் வரைபடத் தாமதம் வரை அறிக்கை அறிக்கையாகப் போட்டுக் காட்டுகிறது. ஏவுகணைப் பெட்டகம் இரு நாட்டுக் கப்பல்களுக்கும் பொது வடிவமைப்பு. அதனால் டிரெட்நாட்டின் அந்தப் பகுதியைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்ள எனக்கு வாஷிங்டன் அறிக்கைகள்தான் உதவின.

சரி, என் தேர்வு நான்கு. ஆனால் அதில் ஒரு நெருடல் இருக்கிறது. 2012-ல் கீறலைக் காட்டிக்கொடுத்த டூன்ரே உலையை 2015-ல் நிறுத்திவிட்டார்கள். டிரெட்நாட்டின் புது உலைக்குத் தரையில் இரட்டைப் பிறவி கிடையாது, கணினிக் கணிப்பே போதும் என்று முடிவு. அந்த உலையில் ஏதாவது கீறல் விழுந்தால், அதை முதலில் பார்க்கப் போவது ரோந்தில் இருக்கும் மாலுமிகள்தான்.